நிலத்தை அளக்காமல் ஆளை எண்ணியவர்கள்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவல் வேலை பார்ப்பவர்களுக்கு ஏஜென்சிதான் சம்பளம் போடுகிறது. ஆனால் மாதக் கடைசியில் வருகைப் பதிவைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். சங்கத்துப் பொருளாளர். தூரவாணி நகர் ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு ராமமூர்த்தி நகரில் வேறென்ன பதவி கிடைக்கும்?

அந்த மஸ்டர் ரோலில் வரும் கடைசிப் பெயர்களைப் படித்துப் பாருங்கள்: போரா, சைக்கியா, ஹசாரிகா, கோகோய், புராகோஹாய்ன். குடியிருப்பில் பாதிப் பேர் இவர்களை "நேபாளிப் பசங்க" என்பார்கள். மீதிப் பேருக்கு எல்லாரும் கூர்க்கா. இரண்டும் இல்லை. மேல் அஸ்ஸாம்காரர்கள்; சிவசாகர், சோனாரி, திப்ருகர் பக்கத்திலிருந்து மூன்று நாள் ரயிலில் பெங்களூருக்கு வந்தவர்கள்.

போரா என்பவர் ஒரு காலத்தில் இருபது ஆட்களுக்குத் தலைவர். சைக்கியா நூறு பேருக்கு. ஹசாரிகா ஆயிரம் பேருக்கு. ராஜ்கோவா மூவாயிரம், பூகன் ஆறாயிரம். ஒரு பழைய அரசாங்கத்தின் ஆள் கணக்கு குடும்பப் பெயர்களாக மாறி, என்னுடைய ஆள் கணக்குக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. கணக்கெழுதிப் பிழைத்தவனுக்கு இதைவிட ருசியான செய்தி உண்டா? அதைத் துரத்திக்கொண்டு போனதில் அஸ்ஸாம் வழியாகத் தாய்லாந்துக்கே போய்ச் சேர்ந்தேன். புத்தகங்களில்தான், பாஸ்போர்ட் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.

அந்த அரசாங்கம் அஹோம் அரசாங்கம். 1228இல் தொடங்கி 1826 வரை, கிட்டத்தட்ட அறுநூறு ஆண்டு பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கை ஆண்டது. போரா, சைக்கியா போன்ற பதவிகள் எல்லாச் சமூகத்தாருக்கும் கொடுக்கப்பட்டவை. அதனால் அந்தப் பெயர் இருந்தால் அஹோம் என்று சொல்லிவிட முடியாது. கோகோய், புராகோஹாய்ன், கொன்வர் என்றால் பெரும்பாலும் அஹோம்தான். அஹோம்கள் யார்? பாங்காக்கில் இருப்பவர்களின் ரத்த உறவு இல்லையென்றாலும் மொழி உறவு. தாய்லாந்துக்காரர், லாவோஸ்காரர், பர்மாவின் ஷான், சீன யுன்னானின் தை, வியட்நாம் மலைகளின் கறுப்புத் தை, அஸ்ஸாமின் அஹோம் எல்லாம் ஒரே மொழிக் குடும்பத்துக் கிளைகள். இந்தப் பெரிய குடும்பத்தைத் "தை" என்றும், தாய்லாந்து நாட்டவரைத் "தாய்" என்றும் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன். இல்லாவிட்டால் குழப்பம் வரும்.

தமிழ்ப் பத்திரிகையில் தாய்லாந்து என்றால் வழக்கமாக எழுதப்படுபவை எனக்கும் தெரியும். பாங்காக் அரண்மனைப் பிராமணர்கள் திருவெம்பாவைப் பாடல்களை ஓதும் விழா, அந்த விழாவுக்கான பெரிய ஊஞ்சல், 1935இல் அதில் ஆடுவது நின்றது, சீலோம் தெருவின் மாரியம்மன் கோயில், 1942-43இல் சயாம் மரண ரயிலில் மலேயாத் தோட்டத் தமிழர்கள் செத்து விழுந்தது. கடைசியில் சொன்னது தனிக் கட்டுரைக்குரிய துயரம். போகிற போக்கில் தொடக்கூடாது. இவற்றோடு தக்குவாபா கல்வெட்டையும் சேர்ப்பார்கள். தென் தாய்லாந்துக் கடற்கரையில், ஒன்பதாம் நூற்றாண்டில், வெட்டிய ஒரு குளத்தை மணிக்கிராமத்தார் என்ற தமிழ் வணிகக் குழுவின் பாதுகாப்பில் விட்டதாகச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு அது. பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையில் நாம் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அந்தக் குளம் வெட்டப்பட்டபோது அங்கே தாய் அரசு எதுவும் கிடையாது. மோன், கெமர், மலாய் மக்களின் மண் அது. நம் செட்டிகள் தாய்லாந்துக்குத் தாய் மக்களின் அரசைவிட முன்னால் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்!

அப்படியானால் தாய்கள் எங்கிருந்து வந்தார்கள்?

இந்தக் கேள்விக்குத் தாய்லாந்துப் பள்ளிப் புத்தகங்கள் நீண்ட காலம் ஒரு பதில் சொல்லிவந்தன: மங்கோலியாவை ஒட்டிய அல்தாய் மலையிலிருந்து. டாட் என்ற அமெரிக்கப் பாதிரியார் எழுதி 1923இல் வெளிவந்த ஒரு புத்தகம், தை இனம் சீனர்களுக்கே அண்ணன் என்றது. அப்புறம் இன்னொரு பதில் வந்தது. யுன்னானில் எட்டாம் நூற்றாண்டில் ஓங்கியிருந்த நான்சாவ் பேரரசு தாய்களுடையது, 1253இல் குப்ளாய் கான் படை தாலி நகரைப் பிடித்ததும் எல்லாரும் தெற்கே ஓடிவந்தார்கள் என்று. கதை நன்றாகத்தான் இருந்தது, ஆதாரம்தான் இல்லை. நான்சாவ் அரசர்கள் பேசியது திபெத்திய-பர்மிய வகை மொழி என்பதே இப்போது ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்கும் முடிவு.

மொழியியலாளர்கள் வேறு வழியில் போனார்கள். ஒரு மொழிக் குடும்பம் எங்கே அதிக வகைகளாகப் பிரிந்து கிடக்கிறதோ அங்கேதான் அது நெடுங்காலம் இருந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. தாய்லாந்துச் சமவெளியில் நூற்றுக்கணக்கான மைல் போனாலும் பேச்சு பெரிதாக மாறுவதில்லை. சீனாவின் குவாங்சி, வடக்கு வியட்நாம் எல்லையிலோ பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு வேறு பேச்சு. ஆகவே பிறந்த வீடு அங்கே. இன்றும் குவாங்சியில் இருக்கும் ஜுவாங் மக்கள்தான் சீனாவின் மிகப் பெரிய சிறுபான்மையினர். ஒன்றரைக் கோடிக்கும் மேல். அவர்களும் இந்த உறவுதான். பாங்காக்கின் விமான நிலையத்தில் இறங்கி "இதுதான் தாய்களின் பூர்விகம்" என்று நினைப்பவர் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறார்.

இவர்கள் படையெடுப்பாக வரவில்லை. நதியைப் பிடித்துக்கொண்டு, நெல் விளையும் பள்ளத்தாக்கைத் தேடித் தேடி, கொஞ்சம் கொஞ்சமாக மேற்கேயும் தெற்கேயும் பரவினார்கள். மலை உச்சி இவர்களுக்கு வேண்டாம். அது வேறு இனத்தாருக்கு. தண்ணீர் நிற்கிற தட்டை நிலம் வேண்டும். ஒரு பள்ளத்தாக்கு, அதில் பத்திருபது ஊர், ஒரு தலைவன், ஒரு காவல் தெய்வம். இந்த அமைப்புக்கு முவாங் என்று பெயர். வட தாய்லாந்தில் ஓடைக்குக் குறுக்கே மரத்தாலும் கல்லாலும் அணை போட்டு வாய்க்கால் பிரிப்பார்கள். அங்கே மங்ராய் அரசன் பெயரில் வழங்கும் பழைய சட்டத் தொகுப்பில், பக்கத்து வயலின் தண்ணீரைத் திருடுபவனுக்கு என்ன தண்டனை என்று எழுதியிருக்கிறது. தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

பதிமூன்றாம் நூற்றாண்டில் இந்த முவாங்குகள் வரிசையாக அரசுகளாக முளைத்தன. தாய்லாந்தின் முதல் தலைநகரம் என்று கொண்டாடப்படும் சுகோதை மரபுக் கணக்குப்படி 1238. மங்ராய் சியாங் மாய் நகரைக் கட்டியது 1296. அஸ்ஸாமில் அஹோம் அரசு 1228. தேதிகளை அப்படியே எடுத்துக்கொண்டால், நம் நாட்டில் உருவான தை அரசு சுகோதையைவிடப் பத்து வருடம் மூத்தது. தாய்லாந்துப் பெருமை பேசும் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இது இருக்காது.

சுகாபா என்ற இளவரசன் 1215இல் மொங் மாவிலிருந்து புறப்பட்டான் என்கின்றன புரஞ்சிகள். மொங் மாவ் இன்றைய சீன-பர்மிய எல்லையில் இருக்கிறது. கூட வந்தவர்கள் ஒன்பதாயிரம் பேர், முந்நூறு குதிரை, இரண்டு யானை என்பது மரபு. பட்காய் மலையைத் தாண்டிப் பள்ளத்தாக்கில் இறங்க அவர்களுக்குப் பதிமூன்று வருடம் ஆனது. இறங்கிய பிறகும் ஒரே இடத்தில் உட்காரவில்லை; வெள்ளம் வந்தால் நகர்வது, மறுபடி நெல் போடுவது, மறுபடி நகர்வது. 1253இல்தான் சராய்தேவில் தலைநகரம் அமைந்தது.

புரஞ்சி என்பது அஹோம்களின் ஆண்டுக் குறிப்பு நூல். இந்தியாவில் ஆட்சி நிகழ்ச்சிகளை இப்படித் தேதி போட்டுத் தொடர்ந்து எழுதிவைத்த அரச மரபுகள் மிகக் குறைவு. இதில் எனக்குப் பிடித்தது அதன் வெட்கமின்மை. வழியில் எதிர்த்த நாகர்களிடம் சுகாபா நடந்துகொண்ட கொடூரத்தை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். கீழே மோரான், பொராஹி மக்களிடம் அவன் சமாதானமாகப் போய்ப் பெண் எடுத்ததையும் எழுதியிருக்கிறார்கள். நம் மெய்க்கீர்த்திகளில் தோற்ற போரோ செய்த பாவமோ வந்து பார்த்திருக்கிறீர்களா?

எங்கள் கேட்டில் இரவுப் பணி பார்க்கும் கோகோய் தம்பி சோனாரிப் பக்கத்துக்காரர். என் இந்தியும் அவர் இந்தியும் ஏறக்குறைய ஒரே லட்சணம் என்பதால் எங்களுக்குள் நன்றாக ஒத்துப்போகிறது. "சுகாபா எங்கிருந்து வந்தார் தம்பி?" என்று கேட்டேன். "மேலேயிருந்து, அங்கிள்" என்று வானத்தைக் காட்டினார். முதல் அரசர்கள் வானத்திலிருந்து ஏணியில் இறங்கினார்கள் என்பது அவர்கள் வீட்டுக் கதை. பிறகு கொஞ்சம் யோசித்து, "பள்ளிக்கூடத்தில் சீனா என்று சொல்லிக்கொடுத்தார்கள்" என்றார். இரண்டு பதிலையும் ஒரே முகத்தோடு சொன்னார்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன்: ஆள் கணக்கு.

அஹோம் அரசில் பதினாறு வயதிலிருந்து ஐம்பது வயது வரை உள்ள ஆண் ஒவ்வொருவரும் பாய்க். பிரபுக்களுக்கும் பூசாரிகளுக்கும் விலக்கு உண்டு. நான்கு பாய்க்குகள் ஒரு கோட். நால்வரில் ஒருவர் எப்போதும் அரசுப் பணியில் இருப்பார். அணை கட்டுவது, சாலை போடுவது, படகு செய்வது, போர் வந்தால் வில்லெடுப்பது. அந்த மூன்று மாதம் அவர் வயலை மற்ற மூவரும் பார்த்துக்கொள்ள வேண்டும். முறை முடிந்ததும் அடுத்தவர். சம்பளம் கிடையாது, பதிலுக்கு ஒவ்வொருவருக்கும் இரண்டு புரா நன்செய் நிலம், வரியில்லாமல். இரண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். பதினேழாம் நூற்றாண்டில் பிரதாப சிங்கன் காலத்தில் மோமாய் தாமுலி என்ற அதிகாரி இதை ஒழுங்குபடுத்தினார். போரா, சைக்கியா, ஹசாரிகா எல்லாம் இந்தக் கோட்களை மேய்த்தவர்கள். 1671இல் சராய்காட் நதிப்போரில் முகலாயப் படையை முறியடித்த லாசித் போர்பூகன் இந்த மோமாய் தாமுலியின் மகன். தேசியப் பாதுகாப்பு அகாதமியில் சிறந்த மாணவருக்குத் தரும் தங்கப் பதக்கம் லாசித் பெயரில்தான் இருக்கிறது. அந்தப் போரில் சம்பளப் பட்டாளம் ஒரு பக்கம், முறை வைத்து வந்த உழவர்கள் இன்னொரு பக்கம்.

இந்த முறையில் வேடிக்கையும் உண்டு. கதாதர சிங்கன் (1681-1696) ஊரில் வேலை செய்யாமல் திரிந்த சோம்பேறிகளையும் அபின் தின்பவர்களையும் பிடித்து வந்து ஒரு நெடுஞ்சாலை போட வைத்தான் என்பார்கள். சோம்பேறிச் சாலை என்று பொருள்படும் 'தோதர் அலி' இன்றும் மேல் அஸ்ஸாமில் பயன்பாட்டில் இருக்கிறது. பெங்களூரில் சுறுசுறுப்பானவர்கள் போட்ட சாலைகளின் நிலைமையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

இதே ஏற்பாடு அப்படியே தாய்லாந்திலும் இருந்தது என்பதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அங்கே சாதாரண ஆண் பிராய். அயுத்தயா அரசில் (1351-1767) அவன் வருடத்தில் ஆறு மாதம் அரசனுக்கோ பிரபுவுக்கோ உழைக்க வேண்டும். பாங்காக் காலத்தில் அது நான்கு மாதமானது, பிறகு மூன்று. பதினைந்தாம் நூற்றாண்டில் திரைலோக்கநாதன் என்ற அரசன் இன்னும் ஒரு படி மேலே போய், நாட்டில் எல்லாருக்கும் ஓர் எண் கொடுத்தான். அடிமைக்கு 5, சாதாரணக் குடியானவனுக்கு 25, மந்திரிக்கு 10,000, இளைய அரசனுக்கு 1,00,000. சக்தினா என்று பெயர். குற்றத்துக்குத் தண்டம், அவமானத்துக்கு நஷ்டஈடு எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான். நம்மிடம் சாதி வைத்து நடந்ததை அவர்கள் எண் வைத்து நடத்தியிருக்கிறார்கள். எண்ணாக இருந்தால் மாறலாம் என்ற ஒரு வசதி; மேலே போகலாம், கீழேயும் விழலாம். 1774இல் பிராய்கள் ஓடிப்போகாமலிருக்க மணிக்கட்டில் பச்சை குத்தும் ஆணை வந்தது. எங்கள் ஏஜென்சிக்காரர் கைரேகை இயந்திரம் வைத்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

ஏன் ஆளை எண்ணினார்கள்? நிலம் கொட்டிக் கிடந்தது. உழ ஆள் இல்லை. சோழநாட்டில் நிலைமை நேர் எதிர். ராஜராஜன் 1001ஆம் ஆண்டு வாக்கில் நாடு முழுக்க நிலம் அளந்தான். வேலி, மா, காணி, முந்திரி என்று நூலிழைப் பின்னம் வரை கல்வெட்டில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நம்மிடமும் வெட்டி, அமஞ்சி என்ற கூலியில்லா உழைப்பு இருந்தது. ஆனால் கணக்கின் முதுகெலும்பு நிலம்தான். தை அரசுகளில் முதுகெலும்பு ஆள். அதனால் போரில் ஜெயித்தவன் ஊரைப் பிடித்ததோடு நிற்கமாட்டான். ஊர்க்காரர்களைப் பிடித்துக்கொண்டு போவான். 1767இல் பர்மியர்கள் அயுத்தயாவை எரித்துவிட்டுப் பல்லாயிரம் பேரைக் கொண்டுபோனார்கள். அறுபது வருடம் கழித்துச் சயாம் படை லாவோஸின் வியன்டியானை அழித்துவிட்டு அங்கிருந்த மக்களை மெகாங் நதிக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தது. பாழாய்க் கிடந்த சியாங் மாயைக் கவிலா என்ற அரசன் மறுபடி எழுப்பியபோது, கீரையைக் கூடையில் போடு, ஆளை ஊரில் போடு என்பது பழமொழியாகவே ஆகிவிட்டது.

இன்றைய தாய்லாந்தின் சமூகத்தைப் புரிந்துகொள்ள இது உதவும். சுமார் ஏழு கோடிப் பேரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈசான் என்ற வடகிழக்குப் பகுதியினர். வீட்டில் பேசுவது லாவோ. தெற்கு முனையில் மலாய் முஸ்லிம்கள். பாங்காக் வணிகத்தில் சீன வம்சாவளியினர். மோன், கெமர் கலப்பு எங்கும். பாங்காக்கில் டாக்ஸி ஓட்டுபவர், கட்டடம் கட்டுபவர், வீட்டு வேலை செய்பவர் பெரும்பாலும் ஈசானிலிருந்து வந்தவர்கள். நகரத்தார் அவர்கள் பேச்சையும் நிறத்தையும் கேலி செய்வதும் உண்டு. பெங்களூரில் இருப்பவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. நாட்டின் பெயரே 1939 வரை சயாம்தான். பிபுன் சொங்க்ராம் பிரதமராக இருந்தபோது அதைத் தாய்லாந்து என்று மாற்றினார். எல்லைக்கு வெளியே இருக்கும் தை மக்களும் நம்மவர்தாம், அவர்கள் நிலமும் நம்முடையதுதான் என்ற அரசியல் அதற்குள் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானோடு சேர்ந்து பர்மாவின் கெங்டுங் பகுதியைப் பிடித்தும் வைத்திருந்தார்கள். போர் முடிந்ததும் விட வேண்டியதாயிற்று. பூர்விகம் தேடும் ஆராய்ச்சிக்குப் பின்னாலேயே ராணுவ வண்டி வருவது உலக வழக்கம்.

பிராய் முறையையும் அடிமை முறையையும் சூலலொங்கோன் அரசர் படிப்படியாக ஒழித்தார். 1905இல் அடிமை முறைக்கு முடிவு. அவர் மகன் வஜிராவுத் 1913இல் எல்லாரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டார். அதுவரை தாய்களுக்கு ஒரே பெயர்தான். நம்மைப்போல! இன்றும் பிரதமரைக்கூட முதல் பெயரால்தான் குறிப்பிடுவார்கள். முன்பின் தெரியாதவரையும் அக்கா அண்ணன் என்றோ தம்பி தங்கை என்றோ கூப்பிடுவதும் அங்கே வழக்கம். பெங்களூர் வங்கிகளில் 'சர்நேம்' கட்டத்துக்குள் அப்பா பெயரை எழுதி, வாழ்நாள் முழுக்க அப்பா பெயரால் அழைக்கப்படும் தமிழர்களுக்கு இந்த நாட்டின் மேல் தனிப் பாசம் வரவேண்டும்.

தெற்கே போன தைகளும் மேற்கே வந்த தைகளும் பிரிந்தது மதத்தில். தெற்கே போனவர்கள் மோன்களிடமிருந்தும் இலங்கையிலிருந்தும் தேரவாத பௌத்தத்தை எடுத்துக்கொண்டார்கள். அஹோம்கள் அதற்கு முன்பே மலையேறி வந்துவிட்டதால் அவர்களிடம் பௌத்தத்துக்கு முந்தைய வழிபாடு தங்கியது: முன்னோர், ஆவிகள், வானத்துத் தெய்வம். தேவ்தாய், மோகன், பைலுங் என்ற பூசாரிக் குலங்கள் அதைக் காத்தன. பதினேழாம் நூற்றாண்டு நடுவில் ஜெயத்வஜ சிங்கன் வைணவ தீட்சை பெற்றான். அப்புறம் அரசவை இந்து மயமானது. சிவசாகரில் குளக்கரையில் நிற்கும் சிவன் கோயில் அஹோம் ராணி கட்டியது. ஆனால் அடியில் பழையது போகவில்லை. கோகோய் தம்பியின் ஊர் வீட்டில் சமையலறைத் தூண் ஒன்று முன்னோருக்கானது. புது அரிசி வந்தாலும் பண்டிகை வந்தாலும் அதனடியில் படையல் வைத்த பிறகுதான் மற்றவர் சாப்பாடு. பாங்காக்கில் ஐம்பது மாடிக் கட்டடத்துக்கு முன்னாலும் கம்பத்தின்மேல் பொம்மை வீடு மாதிரி ஒன்று வைத்து, மாலை போட்டு, சிவப்புச் சர்பத் படைக்கிறார்களே, அது அந்த மனையின் ஆவிக்கு. புத்தரை வணங்குபவர்கள்தான் அவர்கள். ஆனாலும் மனையைக் காலிசெய்து கொடுத்த ஆவிக்கு வாடகை பாக்கி வைக்கமாட்டார்கள்.

குடும்ப அமைப்பில் நம் பெண்களைப் பெற்றவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. தாய்லாந்தின் வடக்கிலும் வடகிழக்கிலும் பழைய வழக்கப்படி கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் கடைசி மகளுக்கு வீடு. பெண்ணைப் பெற்றவர்களுக்கு மாப்பிள்ளை வீட்டார் பணமும் தங்கமும் கொடுக்க வேண்டும். இதனால் பெண்கள் எல்லாம் சுகமாக இருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. பெற்றோருக்குச் சோறு போடும் சுமையும் மகள் தலையில்தான் விழுகிறது. ஈசான் கிராமத்து மகள்கள் பாங்காக்கிலும் பட்டாயாவிலும் எந்தெந்த வேலைக்கோ போவதற்குப் பின்னால் இந்தச் சுமை இருக்கிறது. பட்டாயா போய்வந்து கண்ணடித்துக் கதை சொல்லும் நம் ஆண்கள் இதைத் தெரிந்துகொண்டு பேசினால் நல்லது.

மொழி விஷயத்தில் அஹோம்கள் இழந்தார்கள். வந்தது சிறு கூட்டம். உள்ளூரில் பெண் எடுத்தார்கள். பிள்ளைகள் அம்மா பேச்சைப் பேசின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் அஹோம் மொழி பூசாரிகளின் ஏட்டோடு நின்றது. கோகோய் தம்பிக்கு அஸ்ஸாமிய மொழிதான் தாய்மொழி. ஆனால் நாம்ரூப், நாம்தி, நாம்தாங் என்று மேல் அஸ்ஸாம் ஊர்ப் பெயர்களின் தொடக்கத்தில் 'நாம்' என்ற தை மொழித் தண்ணீர் இன்னும் நிற்கிறது. பின்னால் வந்த சிறு கூட்டங்கள் மொழியையும் வைத்திருக்கின்றன. நகர்கட்டியா அருகே நாம்பாக்கே கிராமத்தில் தை பாக்கே மக்கள், அருணாசலத்தின் நாம்சாய் பக்கம் தை காம்தி மக்கள். இவர்கள் பௌத்தர்கள். இலையில் பொதிந்து ஆவியில் வெந்த ஒட்டரிசிச் சோறு, கால் நட்டு உயர்த்திக் கட்டிய மூங்கில் வீடு, விகாரை. இந்திய எல்லைக்குள் இருக்கும் தாய்லாந்தைப் பார்க்க வேண்டுமென்றால் இதுதான்.

பெங்களூரில் 2012 ஆகஸ்டை மறக்க முடியாது. வடகிழக்குக்காரர்களைத் தாக்கப்போகிறார்கள் என்று குறுஞ்செய்தியில் வதந்தி. சுதந்திர தினத்தன்றும் அடுத்த இரண்டு நாட்களிலும் சிட்டி ரயில் நிலையத்தில் பல்லாயிரம் பேர் குவாஹாட்டி ரயிலுக்கு முண்டியடித்தார்கள். ரயில்வே சிறப்பு ரயில்கள் விட்டது. மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்ப அரசு தடை போட்டது. எங்கள் கேட்டில் அந்த வாரம் யாரும் இல்லை. குடியிருப்போர் முறை வைத்துக் காவலுக்கு நின்றோம், நால்வருக்கு ஒருவர். அப்போது எனக்குப் பாய்க் முறை தெரியாது. போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. அவர்கள் யார், எந்த ஊர், ஏன் இவ்வளவு தூரம் வந்தார்கள் என்று அதுவரை நாங்கள் யாரும் கேட்டதும் இல்லை. அறுநூறு ஆண்டு நாட்டை ஆண்ட சமூகத்தின் பிள்ளைகள் இன்று பட்டியல் பழங்குடித் தகுதி கேட்டுப் போராடுகிறார்கள். அந்தக் கோரிக்கை பல ஆண்டுகளாக நிற்கிறது. மேல் அஸ்ஸாமில் தேயிலையும் எண்ணெயும் இருக்கின்றன. இந்தப் பிள்ளைகளுக்கு வேலை மட்டும் பெங்களூரில் இருக்கிறது.

2023 நவம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் வரலாம் என்று தாய்லாந்து அறிவித்ததிலிருந்து எங்கள் குடியிருப்பில் பாங்காக் போகாத குடும்பம் குறைவு. போங்கள், நாலு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். ஒரு தடவை சராய்தேவுக்கும் போங்கள். அஹோம் அரசர்களைப் புதைத்த மண்மேடுகள், மொய்தாம்கள், அங்கே தொண்ணூறு இருக்கின்றன. உள்ளே வளைகூரை போட்ட அறை, அதில் அரசனோடு அவன் பொருட்கள். 1662இல் படையெடுத்து வந்த மீர் ஜும்லாவின் ஆட்கள் பலவற்றைத் தோண்டிக் கொள்ளையடித்தார்கள். பிற்காலத்தில் உடலை எரித்துச் சாம்பலை வைத்தார்கள், மேடு மட்டும் மாறவில்லை. 2024 ஜூலையில் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. வடகிழக்கில் பண்பாட்டுப் பிரிவில் இந்தப் பெருமை பெற்ற முதல் இடம்.

பையப்பனஹள்ளி முனையத்திலிருந்து நியூ தின்சுகியாவுக்கு வாராந்திர ரயில் உண்டு. அவசரக்காரர்களுக்கு திப்ருகர், ஜோர்ஹாட் விமான நிலையங்கள். சிவசாகரில் தங்கினால் சராய்தேவ் முப்பது கிலோமீட்டர் தூரம். மழைக்காலத்தைத் தவிருங்கள். ஜனவரி 31இல் போனால் மே-டம்-மே-பி என்ற முன்னோர் வழிபாட்டு நாள். அஸ்ஸாமில் அரசு விடுமுறை. எந்த நாளில் போனாலும் மேட்டின்மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். அது கல்லறை.